லிஃப்ட்காரர் வேஷம்

அக்காவும் தங்கையும் மட்டும் சேர்ந்து எங்கேயாவது மூன்று நாள் போய் வரவேண்டும் என்பது பல வருஷமாக வெறும் பேச்சாகவே இருந்தது. ஒரு வருஷம் அக்காவின் பையனுக்குப் பரீட்சை. அடுத்த வருஷம் தங்கையின் மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன். இந்தத் தடவை தங்கை யாரையும் கேட்காமல் ரயில் டிக்கெட்டை எடுத்துவிட்டு, அக்கா வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை காலையில வண்டி. லீவு போடு. போடலைன்னா நான் தனியாப் போறேன். அப்புறம் ஊர் பூரா அக்கா கைவிட்டுட்டான்னு சொல்லிக்கிட்டுத் திரிவேன்."

அக்கா எக்ஸ்ரே எடுப்பவள். நாற்பத்திரண்டு வயது. நாளைக்கு எழுபது எண்பது பேரிடம் "மூச்சை இழுங்க, அடக்குங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அவள் பேச்சு அதே அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. ஐந்து வயது இளையவளான தங்கை அதற்கு நேர்மாறு. பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். அங்கே கத்தரிக்கோலுக்கு இருக்கும் ஓய்வுகூட அவள் வாய்க்கு இருக்காது.

அம்மா அக்காவுடன்தான் இருந்தாள். "போய்ட்டு வாங்க. என்னை நான் பார்த்துப்பேன். மாப்பிள்ளையையும் நான்தான் பார்த்துக்கணும்" என்றாள். அப்பா கிடையாது. அக்காவுக்கு ஒன்பது வயதும் தங்கைக்கு நாலு வயதும் இருக்கும்போது, வேலைக்குப் போன ஊரில் படகு கவிழ்ந்து ஆற்றோடு போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம், கல்லூரி, வேலை, கல்யாணப் பதிவு என்று எந்தப் படிவம் வந்தாலும் தகப்பனார் பெயருக்குப் பக்கத்தில் 'காலமானார்' என்று தன் கையாலேயே எழுதிப் பழகியவள் அக்கா.

பெரிய நகரம். பார்க்கவேண்டியதை எல்லாம் தங்கை மணிக்கணக்குப் போட்டு ஃபோனில் எழுதி வைத்திருந்தாள். முதல் நாள் ஆற்றங்கரையில் நடந்தார்கள், கோபுரத்தில் ஏறினார்கள், இரண்டு பேரும் கால் வீங்கிப்போய் ஹோட்டல் அறையில் வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்து சிரித்தார்கள். இரண்டாம் நாள் காலை அருங்காட்சியகம். ஓவியங்களின் முன்னால் கொட்டாவி விட்ட அக்கா, எலும்புக்கூடு வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததும் அசையாமல் நின்றுவிட்டாள்.

"என்னக்கா?"

"முழங்காலுக்குக் கீழ இருக்கிற சின்ன எலும்பைப் பாரு. இடது காலுது வலது கால்ல இருக்கு."

"போனாப் போகுது விடு. அவரு நடக்கவா போறாரு?"

அக்கா விடவில்லை. காவலாளியைத் தேடிப் பிடித்துச் சொன்னாள். அவர் எழுதிக்கொள்வதாகச் சொல்லி எழுதாமல் நின்றார். தங்கை வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு நாடகம். 'வயிறு வலிக்கச் சிரிக்கலாம்' என்று விளம்பரத்தில் போட்டிருந்ததை நம்பித் தங்கை எடுத்த டிக்கெட். பழைய அரங்கம், சிவப்பு மெத்தை நாற்காலிகள், கைவைக்கும் இடத்தில் துணி தேய்ந்து பஞ்சு தெரிந்தது. ஏழாவது வரிசை, நடுவில். வாசலில் கொடுத்த தாளில் நடிகர்களின் படங்கள் தபால்தலை அளவில் வரிசையாக இருந்தன. அக்கா அதை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கதை ஒரு ஹோட்டலில் நடந்தது. வியாபாரம் படுத்துப்போன ஹோட்டல், திருட்டுத்தனமாகத் தங்க வந்த ஒரு காதல் ஜோடி, அவர்களைத் தேடி வரும் இரண்டு குடும்பங்கள். மேடையின் நடுவில் ஒரு லிஃப்ட் செய்து வைத்திருந்தார்கள். இரும்பு மடிப்புக் கதவு, உள்ளே ஒரு முக்காலி. அதை ஓட்டுபவராக ஒரு கிழவர். இரண்டு சைஸ் பெரிய சீருடை, காதுவரை இறங்கிய தொப்பி. அவர் கதவை இழுத்துச் சாத்துவதற்குள் உள்ளே நிற்பவர்கள் சண்டை போட்டுச் சமாதானமே ஆகிவிடுவார்கள். அவர் வந்தாலே சனம் சிரித்தது. தங்கை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாவது காட்சியில் மேனேஜர், பெரிய இடத்து விருந்தாளி ஒருவரை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு, "ஒவ்வொரு மாடி வரும்போதும் கம்பீரமா அறிவிக்கணும்" என்று கிழவருக்கு உத்தரவு போட்டார். கிழவர் நெஞ்சை நிமிர்த்தினார். கைப்பிடியைச் சுழற்றினார்.

"ஒண்ணாம் மாடி... ஒட்டகத்துக்கு மூக்கு!"

சிரிப்பு. விருந்தாளி திடுக்கிட்டு மூக்கைத் தடவிக்கொண்டார்.

"ரெண்டாம் மாடி... ரெயிலுக்கு ரோசம்!"

அக்காவின் வாயில் பாதிச் சிரிப்பு அப்படியே நின்றது.

"மூணாம் மாடி... மூட்டைப்பூச்சிக்குத் தூக்கம்!" மேனேஜர் பாய்ந்து வந்து கிழவரின் வாயைப் பொத்தினார். அரங்கம் அதிர்ந்தது.

அக்காவுக்குச் சின்ன வயதில் இருந்த வீடு ஞாபகம் வந்தது. அந்தப் பழைய வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. சாயங்காலம் அப்பா வந்ததும் அவள் கீழே ஓடிவருவாள். அப்பா அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படி ஏறுவார். ஒவ்வொரு படிக்கும் ஒன்று சொல்வார். ஏழு வரைக்கும் போய்விட்டு மறுபடி ஒன்றிலிருந்து. யாரும் எழுதியதல்ல, எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. படி ஏறும்போது அவளுக்காக அவர் வாயில் வந்த உளறல்.

"நாலாம் மாடி..."

"நாற்காலிக்கு நாலு பல்லு" என்றாள் அக்கா, உதட்டுக்குள்.

"...நாற்காலிக்கு நாலு பல்லு!" என்றார் மேடையில் இருந்தவர்.

தங்கை திரும்பிப் பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அஞ்சு, அத்தைக்குக் கொட்டாவி. ஆறு, ஆமைக்கு அவசரம்" என்று அக்கா சொல்லிக்கொண்டே போனாள். அவள் குரல் அவளுடையதாக இல்லை. மேடை அவளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது. அத்தைக்குக் கொட்டாவி. ஆமைக்கு அவசரம். சனம் கைதட்டிக்கொண்டே இருந்தது.

"அக்கா, ஏற்கெனவே பார்த்துட்டியா இதை? யூடியூப்ல வந்துச்சா?"

அக்கா கைப்பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தாள். மடிப்பைப் பிரித்ததில் தாள் சலசலத்தது. முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். மேடை வெளிச்சத்தில் கடைசி வரிசைப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். கேள்விப்படாத பெயர். தொப்பி இல்லாத முகம், நரைத்த முடி. எலும்பைப் பார்த்தே ஆளைச் சொல்லும் கண் அவளுடையது. கன்ன எலும்பு, தாடை, இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும் புருவ மேடு. வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில் தினமும் பார்க்கும் முகம்தான். மேலே முப்பத்துமூன்று வருஷம் ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

"அது அப்பா" என்றாள்.

"எது?"

"லிஃப்ட்காரர்."

தங்கை அவளை மேலும் கீழும் பார்த்தாள். நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். "மத்தியானம் வெயில்ல நின்னது ஒத்துக்கலை உனக்கு. வா, வெளியே போய்த் தண்ணி குடிக்கலாம்."

அக்கா எழுந்திருக்கவில்லை.  மீதி நாடகம் முழுவதும் சுற்றிலும் நானூறு பேர் சிரித்துக்கொண்டிருக்க, அவள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாடகம் முடிந்ததும் நடிகர்கள் பக்கத்துச் சந்தில் இருந்த சின்னக் கதவு வழியாக வெளியே வருவார்கள் என்று வாசலில் நின்றவர் சொன்னார். சந்தில் ஏழெட்டுப் பேர் தாளும் பேனாவுமாகக் காத்திருந்தார்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் அப்பாவின் படிக்கட்டுப் பாட்டை அக்கா தங்கையிடம் சொல்லி முடித்திருந்தாள்.

"நீ பேசாம இரு, நான் பேசுறேன்" என்றாள் தங்கை. "உலகத்துல ஒரே மாதிரி எத்தனையோ பேரு. அந்தப் பாட்டை எங்கேயாவது கேட்டிருப்பாரு. தப்பா எதுவும் சொல்லி மானத்தை வாங்கிடாதே."

காதலனாக நடித்தவன் வந்தான். கூட்டம் அவனைச் சூழ்ந்தது. அதற்குப் பின்னால், சாயம் வெளுத்த சட்டையும் தோள்பையுமாக அந்தக் கிழவர் வந்தார். இரண்டு பேர் அவரிடமும் தாளை நீட்டினார்கள். அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். அப்பாவும் இடதுகைக்காரர். தங்கைக்கு அது நினைவில்லை. அக்காவுக்கு இருந்தது.

அக்கா போய்த் தாளை நீட்டினாள். அவர் முகத்தைப் பார்க்காமலே சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

"என்ன பேரு போடட்டும்மா?"

தங்கை அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா சொன்னாள்: "டமாரம்னு போடுங்க."

அழ ஆரம்பித்தால் தெருமுனை வரை கேட்கும் என்று சின்ன வயதில் அப்பா அவளுக்கு வைத்த பெயர் அது. அவர் போனபிறகு அதைச் சொல்லிக் கூப்பிட யாரும் இருந்ததில்லை.

"வேடிக்கையான பேரு..." என்று சொல்லிக்கொண்டே அவர் 'டமா' வரை எழுதினார். அதோடு பேனா நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. வெகுநேரம் அந்த இரண்டு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளைப் பார்த்தபடியே கேட்டார்:

"சின்னதும் வந்திருக்கா?"

தங்கையின் பிடி தளர்ந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவளுக்குப் பேச வார்த்தை வரவில்லை.

சந்துமுனையில் ஒரு டீக்கடை. அடுத்த காட்சிக்கு ஒன்றேகால் மணி நேரம் இருப்பதாக அவர் சொன்னார். மூன்று டீ வந்தது. அக்காவும் தங்கையும் தொடவில்லை.  செத்த மனுஷன் எதிரே உட்கார்ந்து சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் கையில் நரம்பு ஓடியது, நகத்தோரம் மேக்கப் மாவு ஒட்டியிருந்தது.

"அம்மா...?"

"இருக்காங்க. எங்கூடத்தான்" என்றாள் அக்கா. "படகு கவிழ்ந்து போயிட்டீங்கன்னு சொன்னாங்க."

"ம்."

"ம்னா?"

அவர் டீயை ஒரு மடக்குக் குடித்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார். நல்ல குரல், தாழ்த்திப் பேசும்போதும் கடைசி எழுத்துவரை கேட்டது.

"நாடகக் கம்பெனியோட ஆறு மாசம்னு சொல்லிட்டுத்தான்மா கிளம்பினேன். கம்பெனி உடைஞ்சு போச்சு. வெறும் கையோட எப்படி வர்றதுன்னு நாளைத் தள்ளிட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு வந்தேன். ஆமா, வந்தேன். தெருவுல ஒருத்தர்கிட்ட விசாரிச்சேன். அவரு செத்துப் போயிட்டாருன்னு சொன்னாங்க. நான் படிக்கட்டுக்குக் கீழ நின்னேன். மேல சத்தம் கேட்டுச்சு. நீ சின்னதைத் தூக்கிக்கிட்டுப் படி ஏறிக்கிட்டிருந்தே. ஒண்ணு, ஒட்டகத்துக்கு மூக்கு... ரெண்டு, ரெயிலுக்கு ரோசம்... அதைக் கேட்டுட்டு, இந்தப் புள்ளைங்க சமாளிச்சுக்கிச்சு, இனிமே நான் நடுவுல வந்து கலைக்கக்கூடாதுன்னு..."

அவர் குரல் உடைந்தது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அக்காவுக்கு அந்தப் படிக்கட்டின் இருட்டு, சுவரில் கரி பிடித்த இடம், கீழே அப்பா நிற்பது எல்லாம் கண்ணெதிரே வந்தது. கை தானாக மேஜைமேல் அவர் கையை நோக்கி நகர்ந்தது.

பாதியில் நின்றது.

"எந்த வீட்டுல?" என்றாள்.

"நம்ம வீட்டுலதான்மா. மூணாம் மாடி."

"நீங்க போன நாலாம் மாசமே அந்த வீட்டைக் காலி பண்ணிட்டோம். அதுக்கப்புறம் நாங்க இருந்த எந்த வீட்டுலயும் படி கிடையாது. எல்லாம் கீழ்வீடு."

கிழவர் வாயைத் திறந்தார். மூடினார். வசனம் மறந்த நடிகன் பக்கத்திரையைப் பார்ப்பதுபோல அவர் கண் ஒரு கணம் கடைக்கார அம்மாவின் பக்கம் போய்த் திரும்பியது. தங்கை அழுகையை நிறுத்திவிட்டு, ஈர முகத்தோடு ஆளை மாற்றி ஆள் பார்த்தாள்.

அக்காவுக்குச் செத்தவர் எழுந்து வந்ததைவிட இதுதான் பேரிடியாக இருந்தது.   ஐந்து நிமிஷத்தில், ஒரு டீ ஆறுவதற்குள், பெற்ற மகளைப் பார்த்து அழுதுகொண்டே ஒரு காட்சி போட்டுவிட்டார். அவளும் ஏமாந்து கையை நீட்டப் போனாளே.

"நீங்க வரவே இல்லை" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இந்தத் தடவை குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. "வரலை."

"ஒரு தடவைகூட?"

"வரலைம்மா. எனக்கு இந்த நாடகம், மேடை இதெல்லாம் புடிச்சிருந்துச்சு. அதை அங்க வந்து எப்படிச் சொல்றது? உங்கம்மாவுக்கு ஒரு லெட்டர் போட்டேன். காத்திருக்க வேணாம், செத்துட்டேன்னு சொல்லிடுன்னு. படகுன்னு நான் எழுதலை. அது அவளா வச்சுக்கிட்டது."

"அப்ப அம்மாவுக்குத் தெரியுமா?" தங்கைக்குக் குரல் திரும்பியிருந்தது. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "முப்பத்துமூணு வருஷமா தெரியுமா?"

அவர் டீ கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அந்த ஒட்டகம், ரெயிலு" என்று அக்கா கேட்டாள். "அது எப்படி நாடகத்துல வந்துச்சு?"

"டைரக்டர், லிஃப்ட்காரன் ஏதாவது வேடிக்கையாச் சொல்லட்டும்னாரு. வாயில வந்தது அதுதான்." அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. "அதுக்குத்தான் பெரிய கைதட்டு. இன்னியோட நூத்திப் பன்னெண்டு காட்சி. ஒரு நாள்கூட விழாமப் போனதில்லை." சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார்: "நீங்க சிரிச்சீங்களா?"

அக்கா எழுந்துவிட்டாள். தங்கை அவரையே பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும் என்பதுபோல, "நான் நல்லாச் சிரிச்சேன்" என்றாள்.

ஹோட்டல் அறைக்கு எப்படி வந்தார்கள் என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. சிக்னலில் பச்சை விழுந்தும் கடக்காமல் நின்றதும், யாரோ ஒருவர் "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டதும்தான் பிற்பாடு ஞாபகம் வந்தது. அறையில் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?"

"அம்மா, இங்க ஒருத்தரைப் பார்த்தோம்."

அந்தப்பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. அம்மா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. யாரை என்று அவள் கேட்கவில்லை.

"பேசினாரா?" என்றாள்.

தங்கை தரையில் சரிந்து உட்கார்ந்தாள். மனசின் ஏதோ ஒரு மூலையில், கிழவர் இதிலும் பொய் சொல்லியிருப்பார் என்று இருவருமே நம்பிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"உனக்குத் தெரியுமாம்மா?" அக்கா ஃபோனை வாயருகே கொண்டுபோனாள். "உசுரோட இருக்காருன்னு தெரிஞ்சா படத்தை மாட்டி வச்சே? தெரிஞ்சா என்னைக் காலமானார்னு எழுத வச்சே?"

"மூணு வரி லெட்டர். அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன். எங்க இருக்காரு, என்ன பண்றாருன்னெல்லாம் எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை."

"ஏன்ம்மா சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? உங்கப்பன் நல்லா இருக்கான், உங்களைப் பார்க்கத்தான் அவனுக்கு இஷ்டமில்லைன்னு ஒன்பது வயசுப் புள்ளைகிட்டச் சொல்லவா? தினம் சாயங்காலம் படியில போய் உக்காந்துக்கிட்டு வரமாட்டேன்னு அடம்புடிச்சே. ஞாபகம் இருக்கா? அதுக்காகத்தான் அந்த வீட்டையே விட்டேன். படகுன்னு சொன்ன அன்னிக்கு ஒரு ராத்திரி அழுதே. மறுநாள்லேர்ந்து ஸ்கூலுக்குப் போனே. செத்தவங்க மேல கோவம் வராதுடி. உனக்கு வரக்கூடாதுன்னு பார்த்தேன். எனக்கு வந்தது போதும்."

அக்காவுக்கு அம்மாவிடம் கத்தவேண்டும் போலிருந்தது. டமாரம் மாதிரி. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

 பிறகு அம்மா வேறொரு குரலில் கேட்டாள்: "தலையில முடி இருக்கா இன்னும்? ரொம்பப் பெருமை அதுல."

"இருக்கு" என்றாள் தங்கை. "ஆனா யாரோ கண்ட மேனிக்கு வெட்டி விட்டிருக்காங்க."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு இசைக் கச்சேரி. தங்கையின் பட்டியலில் இருந்த கடைசி விஷயம். சாயங்காலம் ரயில். அக்கா அன்றைக்கு விடியும்போதே எழுந்து பெட்டி கட்டிவிட்டாள். "டிக்கெட் எடுத்தாச்சு, போவோம். ரூம்ல உக்காந்து என்ன பண்றது" என்றாள். தங்கை, தலை வலிக்கிறது, நீ போய்விட்டு வா என்றாள்.

அக்கா தனியாகப் போய் உட்கார்ந்தாள். பெரிய மண்டபம், முப்பது பேர் வாசித்தார்கள். என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பக்கத்து நாற்காலிப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். அவளும் கண்ணை மூடினாள். தண்ணீர் வழிந்தது. அங்கே அழுவதைப் பாட்டுக்காக என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அந்தப் பெரியவர் தலையை ஆட்டி, கைக்குட்டையை நீட்டினார். அதை வாங்கி மூக்கையும் சிந்திவிட்டு, திருப்பிக் கொடுக்க முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ரயில் கிளம்பி நகரத்துக் கட்டிடங்கள் குறையத் தொடங்கியபோது தங்கை, "ஒண்ணு சொல்லணும், திட்டாதே" என்றாள்.

"தலைவலின்னு சொன்னியே, அங்கதான் போனியா?"

"பதினோரு மணிக்கு ரிகர்சல்னு நேத்திக்கு அந்தச் சந்துல ஒருத்தர் சொன்னாரு. போனேன். உள்ள விட்டாங்க."

"என்ன பேசினே அந்த ஆளோட?"

"பேசலை. முடி வெட்டி விட்டேன்."

அக்கா புரியாமல் பார்த்தாள்.

"பின்னாடி ஒரே மேடும் பள்ளமுமா இருந்துச்சு. எனக்குப் பார்க்கவே சகிக்கலை. கத்தரிக்கோல் எப்பவும் பையில இருக்கும்ல. மேக்கப் ரூம்ல நாற்காலியில உக்காருங்கன்னேன். உக்காந்தாரு. ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. பேசாதீங்க, தலை ஆடும்னு சொல்லிட்டேன். அரை மணி நேரம். அவ்ளோதான். வெட்டி முடிச்சுட்டு வந்துட்டேன்."

"உனக்குப் பைத்தியமாடி?" அக்காவுக்கு நிஜமாகவே ரத்தம் தலைக்கு ஏறியது. எதிர் இருக்கைக்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். "நம்மளைச் செத்ததா நினைச்சுக்கிட்டுப் போன மனுஷனுக்கு நீ சேவை செய்யப் போனியா? கழுத்தைப் புடிச்சு ரெண்டு கேள்வி கேட்க வேணாம்?"

தங்கை கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உனக்கு அவரு தோள்மேல உக்காந்தது இருக்கு. பாட்டு இருக்கு, பட்டப்பேரு இருக்கு. எனக்கு என்னக்கா இருக்கு? சுவத்துல ஒரு படம். ஊர்ல இருக்கிற எல்லார் தலையையும் தொட்டாச்சு. அதையும் ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும்னு இருந்துச்சு."

 இரண்டு ஸ்டேஷன் போயிற்று. தங்கை அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அதற்குப் பிறகு அக்கா அந்த நகரத்துக்குப் போகவில்லை. போகப்போவதும் இல்லை என்று சொல்லிவிட்டாள். அம்மாவோடு பத்துப் பன்னிரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. கோபத்தை எங்கேயோ வைத்துவிட்டுக் கஞ்சி வைத்தாள். காய்ச்சல் போனபிறகு தேடினால் பழைய கோபம் முழுசாகக் கிடைக்கவில்லை. தங்கை மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 'கடைக்குச் சாமான் வாங்க' என்று போய் வந்தாள். யாரும் அவளை எதுவும் கேட்பதில்லை.

ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை வந்திருந்தபோது, அம்மா காய் நறுக்கிக்கொண்டே, யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டாள்:

"அந்த நாடகம் இன்னும் நடக்குதா?"

அக்கா துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"முடிஞ்சு போச்சும்மா" என்றாள் தங்கை. "இப்ப வேற நாடகம்."

"அதுல என்ன வேஷம்?"

"குடும்பத்துக்காக உசுரையே விடுற தாத்தா."

அம்மாவின் கத்தி நின்றது. தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த நொடி அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று அக்கா பதறி எழுந்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புரையேறி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அம்மாவை அப்படி அவர்கள் பார்த்ததே இல்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த அக்கா, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றாள்.